சார்ஜர் கைமாறும்போது

நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடியில் சுற்றுலா கார் ஓட்டுகிறேன். இரண்டு வருடமாக மின்சாரக் கார்தான். மதுரை விமான நிலையத்தில் ஆட்களை ஏற்றி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி எல்லாம் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். ராத்திரி வீட்டில் ஏற்றும் சார்ஜ் இதற்குப் போதாது. நடுவில் ஒரு தடவையாவது பொது சார்ஜரில் போட்டாக வேண்டும்.

போன சித்திரையில் ஒரு நாள், எங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம், உச்சி வெயில். பேட்டரியில் 11 சதவீதம். பின்சீட்டில் வயதான தம்பதி. சார்ஜர் கன்னை மாட்டிவிட்டுச் செயலியைத் திறந்தால், சேவை நிறுத்தப்பட்டது என்று வருகிறது. அந்த நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டதாம். புதுச் செயலி, புதுக் கணக்கு, மறுபடியும் முன்பணம். பழைய செயலியில் என் 860 ரூபாய் அப்படியே கிடக்கிறது. போனில் சிக்னல் ஒரே கோடு. பக்கத்து டீக்கடை அண்ணன் தன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஓடிபி வந்தது. அந்த அம்மாவுக்கு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டதும் அவர்தான்.

இது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் வோல்ட்டா என்ற சார்ஜிங் நிறுவனத்தை 2023-ல் எண்ணெய் நிறுவனமான ஷெல் வாங்கியது. பிளிங்க் என்ற சார்ஜிங் நிறுவனம், 2022-ல் செமாகனெக்ட் என்ற இன்னொரு சார்ஜிங் நிறுவனத்தை வாங்கியது. இத்தாலியின் மின்சார நிறுவனமான எனல் 2024 அக்டோபரில் அமெரிக்க, கனடா சார்ஜிங் வியாபாரத்தையே மூடியபோது, வீட்டுச் சுவரில் அந்தச் சார்ஜரை மாட்டியிருந்தவர்களும் செயலி என்ன ஆகுமோ என்று தவித்தார்கள்.

ஏன் இப்படி? வேக சார்ஜர் வைக்க இடம், டிரான்ஸ்பார்மர், அதிக மின்பளு இணைப்பு என்று முதலிலேயே பெரிய செலவு. ஒரு நாளைக்கு நாலு வண்டி வந்தால் அந்தப் பணம் எப்போது திரும்பும்? சின்ன நிறுவனங்கள் மூச்சுத் திணறிப் பெரியவர்களிடம் போய்ச் சேருகின்றன. அதை நான் தப்பு சொல்லவில்லை. பழுதுபார்க்க ஆளும் பணமும் உள்ள நிறுவனம் வந்தால் நமக்கும் நல்லதுதான். எனக்குள்ள பயம் வேறு. வாங்கியவர் கணக்குப் பார்க்கும்போது, வருமானம் குறைந்த சார்ஜர்தான் முதலில் கண்ணில் படும். அது திருமயத்திலோ தேவகோட்டையிலோ இருக்கும், சென்னையில் இருக்காது.

கைமாறுவது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் கடைகளில், கடையை நடத்தும் மேலாள் தவணை முடிந்து ஊர் திரும்புவார், அடுத்தவர் போய்ப் பொறுப்பேற்பார். பேரேடும், வரவு-கடன் இருப்பைக் காட்டும் ஐந்தொகையும் புது ஆள் கைக்கு வரும். ஆள் மாறிவிட்டது, உன் பணம் போச்சு என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் கடை நடக்காது.

அதே ஒழுங்கைத்தான் சார்ஜர்காரர்களிடம் கேட்கிறேன். நிறுவனம் கைமாறினால் வாடிக்கையாளரின் மிச்சப்பணம் தானாகப் புதுக் கணக்குக்கு வர வேண்டும். பழைய செயலி ஆறு மாதமாவது ஓட வேண்டும். வாங்கிய எந்தச் சார்ஜரையும் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லாமல் மூடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யுபிஐ ஸ்கேன் செய்து பணம் கட்டினால் சார்ஜர் ஓட வேண்டும். இளநீர்க் கடையில் முடிகிறது, இங்கே ஏன் முடியாது? சார்ஜிங் நிலையம் நடத்த உரிமம் தேவையில்லை என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. வழியைத் திறந்துவிட்டவர்கள் இந்த விதிகளையும் போடலாம்.

அதுவரை என்னைப் போன்ற ஓட்டுநர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செயலியில் அன்றைக்குத் தேவையான பணத்தை மட்டும் போடுங்கள். கிளம்பும் முன் அந்தச் சார்ஜர் பக்கத்தில் இருக்கும் கடைக்கு ஒரு போன் அடித்து, ஓடுகிறதா என்று கேளுங்கள். திருப்பத்தூர் டீக்கடை அண்ணனின் நம்பர் என் போனில் இருக்கிறது. மதுரைக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் காலையில் அவரிடம்தான் முதலில் கேட்கிறேன்.

வணக்கம்.