மதகை யார் திறப்பது?

(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: இயற்கையின் சமநிலைக்கு மனிதன் செய்ய வேண்டியது ஒதுங்கி நிற்பதா, பொறுப்பேற்பதா? ‘பொறுப்பேற்பதே’ அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரு அணியினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டில் சும்மா படுத்திருக்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவி அக்கா அருமையாகப் பேசினார். நானும் கை தட்டினேன்; எங்கள் தலைவர் என்னை முறைத்தார். அக்கா சொன்னது இதுதான்: இயற்கைக்கு மனிதன் தேவையில்லை, மனிதன் கையை எடுத்தால் போதும், அது தன்னைத்தானே சரி செய்துகொள்ளும். இதற்கு மூன்று சாட்சிகளை அழைத்து வந்தார். பாரி வள்ளல், நிப்பா வைரஸ், 2020-இல் கொரோனாவுக்காக வந்த நடமாட்டக் கட்டுப்பாடு.

பாரியை முதலில் அனுப்பி வைத்துவிடுகிறேன், பாவம், அவர் தவறான அணியில் உட்கார்ந்திருக்கிறார். ஒதுங்கி நிற்பதுதான் சரி என்று பாரி நினைத்திருந்தால், ‘கொடிக்குக் கொம்பை இயற்கையே கொடுக்கும்’ என்று தேரை ஓட்டிக்கொண்டு போயிருப்பார். இறங்கினார், தேரை விட்டார், நடந்து போனார். ஐயா, பாரி எங்கள் ஆள்.

நிப்பாவை அப்படி விளையாட்டாகப் பேச முடியாது. 1998-இல் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலானுக்குப் போனது. 265 பேருக்கு மூளைக்காய்ச்சல், அதில் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளை அழித்தார்கள். கொட்டிலை ஒட்டிப் பழமரம் நட்டோம், பழம் தின்ன வௌவால் வந்தது, அது கடித்துப் போட்டது கீழே பன்றிக்கு விழுந்தது. ‘பார்த்தீர்களா, மனிதன் கை வைத்ததால் வந்த வினை’ என்றார் அக்கா. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எப்படி நின்றது என்பதை அக்கா சொல்லவில்லை. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இது வேறு கிருமி என்பது மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில்தான் தெரிந்தது. அதன் பிறகுதான் நோய் எங்கிருந்து எங்கே தாவியது என்ற கணக்கே கிடைத்தது. வௌவாலை ஒழிக்க வேண்டியதில்லை, பழமரத்தையும் கொட்டிலையும் தள்ளி வைத்தாலே போதும் என்று புரிந்தது. அன்றைக்கு எல்லாரும் ஒதுங்கி நின்றிருந்தால் இந்தப் புத்தி எங்கிருந்து வந்திருக்கும்?

நான் சொல்ல வந்தது இதுதான். தெரியாமல் கை வைப்பது வேறு, தெரிந்து கை வைப்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டித் தூக்கி எறியச் சொல்கிறது எதிரணி.

தெரிந்து கை வைத்ததற்கு நம் தோட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. பாமாயில் தரும் செம்பனை, மேற்கு ஆப்பிரிக்கா மரம். 1917-இல் சிலாங்கூரில் முதல் வணிகத் தோட்டம் போட்டார்கள். மரம் வந்தது, அதன் வண்டு வரவில்லை. மகரந்தம் சேர்ப்பது காற்றுதான் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். காய் சரியாகப் பிடிக்கவில்லை. அப்புறம் என்ன, கூலிக்கு ஆள் போட்டார்கள். ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, டால்கம் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய், முள்ளுக்குள் கையை விட்டுப் பெண் பூவின் மேல் ஊத வேண்டும். இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலருடைய அம்மா அந்த வேலை செய்திருக்கலாம். சாயங்காலம் லயத்துக்குத் திரும்பும்போது முகமெல்லாம் பவுடர், கையெல்லாம் கீறல்.

1981-இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டு வந்தார்கள். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சும்மா கொண்டு வந்து கொட்டவில்லை. அது வேறு பயிரில் வாய் வைக்குமா, இங்கே புது நோயைக் கொண்டு வருமா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். வாடிய ஆண் பூவில்தான் அது முட்டை இடும், அங்கேயே பெருகும். கையால் ஊதும் வேலை முடிந்தது. நாட்டுக்குள் வந்த அந்நியத் தொழிலாளர்களிலேயே லெவி வரி கட்டாமல், பெர்மிட் புதுப்பிக்காமல் இன்று வரை உழைப்பது இந்த வண்டு ஒன்றுதான்! (செம்பனைக்காக எவ்வளவு காடு போனது என்று எதிரணித் தம்பி அங்கே குறிப்பு எழுதுகிறார். எழுதுங்கள் தம்பி, அது உண்மைதான். அதை மறைப்பது என் வேலை இல்லை. தெரியாமல் கை வைத்த கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

கூகையையும் சொல்ல வேண்டும். அது வீட்டுக் கூரையில் அலறினால் நம் பாட்டி பதறிப் போவார். அதே கூகைக்குத் தோட்டத்தில் மரப்பெட்டியில் வீடு கட்டிக் கம்பத்தில் ஏற்றி வைத்தார்கள், எலி பிடிக்கட்டும் என்று. பிடிக்கிறது.

இப்போது பத்துமலைக்கு வாருங்கள். தைப்பூசத்தில் 272 படி ஏறி மூச்சு வாங்கி நிற்கும்போது நாம் முருகனைப் பார்ப்போம், பால்குடத்தைப் பார்ப்போம், செருப்பை எங்கே விட்டோம் என்று யோசிப்போம். அந்த மலைக் குகைகளின் இருட்டில் தொங்கும் வௌவாலை யார் பார்த்தோம்? அதில் பூந்தேன் குடித்தே வாழும் ஓர் இனம் உண்டு. 1970களில் இரண்டு ஆய்வாளர்கள் அதன் எச்சத்தை அள்ளி, அதில் என்னென்ன மகரந்தம் இருக்கிறது என்று பார்த்தார்கள். டுரியான் இருந்தது. நாம் சமைத்துச் சாப்பிடும் பெத்தாய் கொட்டை மரம் இருந்தது. கடலோரச் சதுப்பில் வளரும் பெரெம்பாங் இனத்து மரங்களின் மகரந்தமும் இருந்தது.

டுரியான் பூ சாயங்காலம் விரியும், விடிவதற்குள் உதிர ஆரம்பிக்கும். அந்த ஓர் இரவுக்குள் வேலையை முடிப்பது வௌவால். ஆனால் டுரியான் பூப்பது வருடத்தில் சில வாரங்கள்தான். மற்ற மாதங்களில் அது பட்டினியா கிடக்கும்? குகையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் பறந்து கடலோரம் போகிறது, அங்கே பெரெம்பாங் பூத்துக்கொண்டே இருக்கிறது. ஆக, சதுப்பு மரத்தை வெட்டினால் டுரியான் குறையும். குகை மலையை உடைத்தாலும் குறையும். பத்துமலையைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் உடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், 1980களில்தான் நின்றது. அது தானாக நிற்கவில்லை. மனிதன்தான் நிறுத்தினான். மூசாங் கிங் டுரியான் கிலோ என்ன விலை என்று சண்டை போடும் நமக்கு, அந்த விலைக்குள் ஒரு வௌவாலும் ஒரு சதுப்பு மரமும் இருப்பது தெரியாது.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒரு சாட்சி பாக்கி, ஐயா.

2020 மார்ச்சில் எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்தார்கள், ஆறு தெளிந்தது என்றார் அக்கா. தெளிந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அதே ஆண்டு செப்டம்பரில் என்ன நடந்தது? ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கழிவு சுங்கை கோங்கில் கலந்து, அங்கிருந்து சிலாங்கூர் ஆற்றுக்கு வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் தண்ணீர் நின்றது. வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியவர்கள் இந்த மண்டபத்திலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். ஆறு தன்னைத்தானே சரி செய்துகொள்ளும் என்றால் அன்றைக்கு ஏன் செய்துகொள்ளவில்லை? காவல் வேண்டும், அபராதம் வேண்டும், இரவில் போய்க் குழாயைப் பார்க்க ஆள் வேண்டும். மலாயாப் புலி 150-க்கும் கீழே வந்துவிட்டது. பேலும் காட்டில் கம்பிக் கண்ணிகளைத் தேடி அகற்ற ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் நாள் கணக்கில் நடந்து ரோந்து போகிறார்கள். அவர்களையும் ஒதுங்கச் சொல்வோமா? அவர்கள் ஒதுங்கினால் கண்ணி வைத்தவனும் ஒதுங்கிவிடுவானா?

கடைசியாக, அதே சிலாங்கூர் ஆறு. மேலே கோல குபு பாரு பக்கத்தில் அணை இருக்கிறது. நாம் குளிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரில். கீழே கோல சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் படகுத்துறை இருக்கிறது. ராத்திரி படகில் போனால் கரையோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும். அதன் புழு கரைச் சேற்றில் நத்தை தின்று வளர்கிறது. அந்த மரத்துக்கும் சேற்றுக்கும் உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீர் வேண்டும். மேலே நாம் அதிகமாக எடுத்துக்கொண்டால் கடல் உப்பு ஆற்றில் ஏறிவிடும். அணை கட்டியாகிவிட்டது, நடுவர் ஐயா. கரையில் செம்பனைக்காக மரத்தை வெட்டியதும் நடந்துவிட்டது. இனிமேல் அந்த மின்மினிக்கு எவ்வளவு நன்னீர் போக வேண்டும் என்பதை மழை மட்டும் முடிவு செய்யாது. மதகுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு மனிதனும் முடிவு செய்கிறான்.

அடுத்து பேச வரும் எதிரணித் தம்பி வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்த மனிதனை அங்கிருந்து போகச் சொல்கிறாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லட்டும். நான் உட்காருகிறேன், மணி அடித்துக்கொள்ளுங்கள் ஐயா.