உங்கள் வீட்டில் கிட்டார் இருக்கிறதா?

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போகிற நேரம். அதை விட்டுவிட்டு ஓவியத்தைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ரொம்ப மகிழ்ச்சி.

ஒரே பொருளைப் பல கோணங்களில் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்டுகிற ஓவிய முறைக்குக் க்யூபிசம் என்று பெயர். க்யூபிசம் என்று பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிற படங்களில் பெரும்பாலும் கிட்டாரும் ஒயின் பாட்டிலும்தான் இருக்கின்றன. வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்பேன்: "தம்பி, உங்க வீட்ல கிட்டார் இருக்கா?" இருக்காது. க்யூபிசத்தைத் தொடங்கிய ஓவியர்கள் பிக்காசோவுக்கும் பிராக்குக்கும் அவை தினமும் கண்ணில் படுகிற பொருள்கள். அதனால் வரைந்தார்கள்.

1912-இல் பிக்காசோ முட்டை வடிவத்தில் ஒரு சின்னப் படம் செய்தார். ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதில் பிரம்பு நாற்காலியின் பின்னல் தெரியும். ஆனால் அதை அவர் வரையவில்லை. பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியை வெட்டி ஒட்டிவிட்டு, ஓரத்தைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினார். அதே ஆண்டு பிராக், மரவரி, அதாவது மரத்தில் தெரியும் ரேகைகள், அச்சடித்த வால்பேப்பரை வெட்டி ஒட்டினார். பிராக்கின் அப்பாவும் தாத்தாவும் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவர்கள். அவரும் அந்த வேலையைக் கற்றவர். ஈரப் பெயின்டில் சீப்பை இழுத்து மரவரி வரவழைப்பது அந்தத் தொழிலின் வித்தை. அந்தச் சீப்பையும் தன் ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நம் பினாங்கிலும் அப்படி ஒருவர் இருந்தார், சுவா தியென் தெங். சீனாவில் பிறந்து இங்கே வந்தவர். கைலிக்கும் சட்டைத் துணிக்கும் போட்டுக்கொண்டிருந்த பாத்திக் மெழுகையும் சாயத்தையும் வைத்து 1950-களில் ஓவியமே தீட்டினார்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். வகுப்புக்கு வந்த ஓர் அம்மா, மளிகைக் கடை வைத்திருந்த தன் அப்பாவின் 555 புத்தகங்களைக் கொண்டுவந்தார். கடன் எழுதுகிற அந்தக் குட்டிப் புத்தகத்தை இங்கே தெரியாதவர் இல்லை. அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று பென்சிலில் எழுதி, காசு வந்ததும் கோடு போட்டு அடித்திருந்தார் அந்த அப்பா. அந்தத் தாள்களை வெட்டி இந்த அம்மா ஒரு தராசு செய்தார். தண்டு பக்கவாட்டில் தெரிகிறது. தட்டுகள் இரண்டும் மேலிருந்து பார்ப்பதுபோல் முழு வட்டம். க்யூபிசம் இதுதானே! ஒரு தட்டில் அடித்த கணக்கு, இன்னொன்றில் அடிக்காத கணக்கு. அடிக்காத தட்டு நன்றாகத் தாழ்ந்திருந்தது. "அப்பா யார் வீட்டுக்கும் போய்க் கேட்டதே இல்ல சார்" என்றார். கொஞ்ச நேரம் வகுப்பில் யாரும் பேசவில்லை.

அப்புறம், ஒட்டுகிற விஷயம். பழைய தாளை வெட்டாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து அதை வெட்டுங்கள். செய்தித்தாள் சீக்கிரம் பழுத்துவிடும். 1912-இல் ஒட்டியவையும் இன்று பழுப்பாகத்தான் இருக்கின்றன. நம் ஊர் ஈரக்காற்றுக்கு மாவுப்பசை வேண்டாம், பூச்சி வரும். வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துவிடுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, கனமான எதையாவது ராத்திரி முழுக்க ஏற்றிவையுங்கள். அம்மிக்கல் இருந்தால் ரொம்ப நல்லது.

அடுத்த ஞாயிறு வரும்போது வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவாருங்கள். அரிசிச் சாக்கு, தினக் காலண்டர் தாள், பாட்டியின் சேலைக் கரை, எதுவானாலும் சரி. கத்தரிக்கோலும் பசையும் இங்கே இருக்கும்.