ஜன்னலோரத்து சீரம் பாட்டில்

வணக்கமுங்க. நான் தாராபுரம் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். தோல் டாக்டர் இல்லை, பார்லர் நடத்துகிறவளும் இல்லை, வெறும் மருந்தாளுநர். முகத்தில் சொட்டுச் சொட்டாகப் போடுகிற வைட்டமின் சி சீரத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். கடையில் எந்நேரமும் அந்தப் பேச்சுத்தானே, சரி என்று வந்துவிட்டேன்.

சித்திரை மாதத்தில் ஒரு அம்மிணி வந்தார், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. "ஏனுங்க்கா, ரெண்டு மாசமாப் போடறனுங்க, மங்கு அப்படியே இருக்குதுங்க" என்று முகத்துக் கருந்திட்டைக் காட்டி, பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். வாங்கும்போது தண்ணீர் மாதிரி இருந்திருக்கும். இப்போது நல்ல கெட்டி டிகாஷன் நிறம். எங்கே வைத்திருந்தீர்கள் என்றால், பாத்ரூம் ஜன்னலிலாம், மேற்குப் பார்த்த ஜன்னல், கூரையோ தகரம்.

அந்தச் சீரத்தில் இருப்பது அஸ்கார்பிக் அமிலம், வைட்டமின் சி என்பது அதுதான். வெயில் பட்டால் நம் தோலில் ஃப்ரீ ராடிக்கல் என்று சில பொல்லாத மூலக்கூறுகள் கிளம்பும், இது தன் எலக்ட்ரானை அவற்றுக்குக் கொடுத்து, தான் கெட்டுத் தோலைக் காப்பாற்றும். கெடுவதுதான் அதன் வேலையே! காற்றும் சூடும் வெளிச்சமும் சேர்ந்து அதைப் பாட்டிலுக்குள்ளேயே கெடுத்துவிட்டால் முகத்தில் போய்ச் செய்ய என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்கள். இளமஞ்சள் வரை பரவாயில்லை, ஆரஞ்சோ பழுப்போ ஆகிவிட்டால் கீழே ஊற்றிவிடுங்கள், எத்தனை ரூபாய் கொடுத்திருந்தாலும்.

அதனால் 30 மில்லி பாட்டிலைவிடச் சின்னதாக, கருத்த கண்ணாடியில் வருவதை வாங்குங்கள். திறந்த தேதியை மூடியில் பேனாவால் எழுதி, 3 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஃப்ரிட்ஜ் கதவுதான் நல்ல இடம்.

சீரத்தில் வைட்டமின் சி எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். புதிதாகப் போடுகிறவர்களுக்கு 10 போதும், 20-க்கு மேல் போனால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். இந்த அமிலம் தோலுக்குள் இறங்க வேண்டுமென்றால் அதன் பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும், நல்ல புளிப்பு என்று வையுங்கள், அதனால் லேசாகச் சுள்ளென்று இருக்கும். சுள்ளென்பது வேறு, சிவந்து தடிப்பது வேறு. முதலில் காதுக்குப் பின்னால் இரண்டு மூன்று நாள் போட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் என்ற வேறு வகை வைட்டமின் சி போட்டது இருக்கிறது, வேகம் குறைவு, ஆனால் சாது. காலையில் முகம் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்ததும் நாலைந்து சொட்டு. அதன்மேல் சன்ஸ்கிரீன். அந்த அம்மிணியிடம் சன்ஸ்கிரீன் கேட்டேன், "அது பிசுபிசுங்குதுங்க" என்று சிரித்தார். மங்குக்கு வெயில்தான் தீனி, அதை அடைக்காமல் சீரம் மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

எலுமிச்சம்பழம் இருக்கும்போது சீரம் எதற்கு என்பார் எங்கள் அம்மாயி. நூறு மில்லி எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி சுமார் 40 மில்லிகிராம், 10 சதவீதச் சீரம் அதே அளவு எடுத்தால் 10 கிராம். எலுமிச்சையின் புளிப்பே பெரும்பாலும் சிட்ரிக் அமிலத்தால் வருவது. அதோடு போனால் பரவாயில்லை. பழத்தில் ஃபியூரோகூமரின் என்று ஒன்று இருக்கிறது, அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமே வரும், பிறகு மாதக்கணக்கில் கருப்பாகத் தங்கும். மங்கு போக்கப் போய் புது மங்கு! பழத்தைக் குடிக்க வையுங்கள்.

இன்னொன்று, கடைக்கு வந்து "முகம் சீக்கிரம் வெளுக்கிற க்ரீம் குடுங்க" என்று கேட்கிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படி வெளுக்க வைக்கிற பலதில் ஸ்டீராய்டு இருக்கிறது, தோல் மெலிந்து நரம்பு தெரியும். சீரம் பொறுமையான ஆள், மாற்றம் தெரிய மூன்று மாதமாவது ஆகும். மங்கு ஆழமாக இருந்தால் தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

அந்த அம்மிணி போன வாரம் வந்தார், புதுப் பாட்டில், கூடவே சன்ஸ்கிரீனும். ஃப்ரிட்ஜில்தான் வைத்திருக்கிறாராம். வீட்டுக்காரர் இருமல் மருந்து என்று எடுத்து ஸ்பூனில் ஊற்றப் போய்விட்டாராம், இப்போது பாட்டிலில் பெரிய எழுத்தில் 'மூஞ்சிக்கு' என்று எழுதி ஒட்டியிருக்கிறது.