இந்தச் சமையல்கட்டில் டிவி எங்கே இருக்கிறது?

வணக்கம் நண்பர்களே. காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டுச் சமையல்கட்டில் நின்று பேசுகிறேன். கேமராவை மெதுவாக ஒரு சுற்று சுற்றுகிறேன், டிவி எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்க்கலாம். சிங்க், ஜன்னல், அடுப்பு, சிம்னி, இந்தப் பக்கம் கருப்புக் கல் பதித்த சுவர், ஃபிரிட்ஜ். தெரிந்ததா? தெரியாதவர்களுக்காக இப்போது ஆன் செய்கிறேன். இதோ, அந்தக் கருப்புக் கல்லின் நடுவில்!

சமையல்கட்டில் டிவி வைப்பவர்கள், டிவி ஓடும்போது எப்படித் தெரியும் என்றுதான் யோசிக்கிறார்கள். நாளில் முக்கால்வாசி நேரம் அது அணைந்துதான் கிடக்கும். வெள்ளை டைல்ஸ் சுவரில் அப்போது அது ஒரு கருப்புச் சதுரம், கண்ணை உறுத்தும். அதனால் பின்னணியையே கருப்பாக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நம் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டுக்கா பஞ்சம்? மேடைக்கு வாங்கிய கருப்புக் கல்லில் மிஞ்சிய துண்டுதான் இது. ஒன்று மட்டும் கவனியுங்கள், பாலிஷ் போட்ட பளபளப்புக் கல் வேண்டாம். விளக்கு வெளிச்சமெல்லாம் கல்லில் மின்னும், டிவி தனியாகத் தெரிந்துவிடும். லெதர் ஃபினிஷ் என்று கேட்டால் சொரசொரப்பாக, மங்கலாகக் கொடுப்பார்கள். அதுதான் பொருந்தும்.

சரி, ஏன் இந்தச் சுவர்? நம் வீடுகளில் அடுப்பு அக்னி மூலையில், தென்கிழக்கில். சமைப்பவர் கிழக்கே பார்த்து நிற்பார். டிவியை மேற்குச் சுவரில் மாட்டினால் முதுகுக்குப் பின்னால் போய்விடும், ஒவ்வொரு தடவையும் திரும்ப வேண்டும். அடுப்புக்கு மேலேயே மாட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத யோசனை. நிப்பட்டு, அதாவது தட்டை, சுடுகிற நாளில் எழும் எண்ணெய்ப் புகை டிவி முதுகில் இருக்கிற காற்றுத் துளை வழியே உள்ளே போய்ப் படியும், அதன்மேல் தூசி ஒட்டும், சூடு வெளியேறாது. சிம்னி இருந்தாலும் எல்லாப் புகையையும் அது பிடித்துவிடாது. அதனால் தெற்குச் சுவர். அடுப்பிலிருந்து நாலடிக்கு மேல் தள்ளி, அக்காவின் வலது கைப் பக்கம். தலையை லேசாகத் திருப்பினால் போதும். எதிர்ச் சுவரில் ஜன்னலும் இல்லை. இருந்திருந்தால் பகலெல்லாம் திரையில் அந்த ஜன்னல்தான் தெரியும்.

இப்படிப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதால் டிவி வாங்கும்போது ஐபிஎஸ் பேனலா, அதாவது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத திரை வகையா என்று கேட்டு வாங்குங்கள். விஏ என்கிற இன்னொரு வகைப் பேனல் நேராகப் பார்க்க அருமையாக இருக்கும், சாய்ந்து பார்த்தால் நிறம் வெளிறிவிடும்.

அளவு 24 இஞ்ச். அந்த 24 மூலைக்கு மூலை, அகலம் சுமார் 55 சென்டிமீட்டர்தான் வரும். கப்போர்டுக்குள் மறைத்து வைக்க நினைப்பவர்கள் இதைத் தச்சரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள். இரண்டடி கப்போர்டு என்றால் இரண்டு பக்கமும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் போக உள்ளே 57 சென்டிமீட்டர்தான் மிச்சம். டிவி உள்ளே போகும், காற்றுக்கு இடம் இருக்காது. இரண்டரை அடியாகப் போடச் சொல்லுங்கள், பின்பலகையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கதவு மேலே தூக்குகிற மாதிரி இருந்தால் தலையில் இடிக்காது. ஆனால் எண்ணெய்க் கையோடு கதவைத் திறந்து திறந்து மூடுவார்களா? ஒரு மாதம் போனால் அது திறந்தேதான் கிடக்கும் என்பது என் கணிப்பு.

2006 முதல் அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவியை நினைத்துப் பாருங்கள். ஹாலுக்கு எல்இடி வந்த பிறகு பல வீடுகளில் அதை அடுப்படி லாஃப்டில் ஏற்றி வைத்தார்கள். கழுத்தை அண்ணாந்துதான் சீரியல் பார்க்க வேண்டும். நிற்பவரின் கண் மட்டத்தில் திரையின் நடு இருக்க வேண்டும். அக்காவுக்கு அது தரையிலிருந்து சுமார் 56 இஞ்ச் வந்தது. உங்கள் வீட்டில் சமைப்பவரை நிற்க வைத்து அளந்துகொள்ளுங்கள்.

மாமியார் கீழே உட்கார்ந்து பூண்டு உரிப்பார், புளி ஆய்வார். அவருக்கும் தெரிய வேண்டுமே! அதற்காகத்தான் இந்த மடக்கும் ஸ்டாண்டு. வெளியே இழுத்து, கீழ்நோக்கிச் சாய்த்தால் அவருக்கு. உள்ளே தள்ளினால் சுவரோடு சுவர். யார் எந்த சீரியல் பார்ப்பது என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

கல்லில் ஓட்டை போடும் வேலையை அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள். சாதாரண ஹேமர் ட்ரில்லால் அடித்தால் கல் விரிசல் விடும். டைமண்ட் பிட் போட்டு, தண்ணீர் விட்டு விட்டு, மெதுவாகத் துளைக்க வேண்டும். ஸ்க்ரூ கல்லில் மட்டும் நின்றால் போதாது, பின்னால் இருக்கிற செங்கல் வரை போய்ப் பிடிக்க வேண்டும்.

அப்புறம் வயர். அழகைக் கெடுப்பதில் டிவியைவிட வயருக்குத்தான் முதலிடம். 6 ஆம்பியர் பிளக் பாயிண்டை டிவிக்குப் பின்னாலேயே வைத்துவிட்டதால் ஒரு வயரும் தொங்கவில்லை. செட்டாப் பாக்ஸும் இல்லை, வைஃபையில் ஓடுகிறது. கேபிள் வேண்டும் என்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே பெரிய பைப்பாகப் போடச் சொல்லுங்கள். முக்கால் இஞ்ச் பைப்பில் ஹெச்டிஎம்ஐ வயரின் தலை நுழையாது.

களி கிண்டும்போது இரண்டு கையும் துடுப்பில் இருக்கும், ரிமோட்டை யார் தொடுவது? குரலில் சொன்னால் கேட்கிற ரிமோட்டாகப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் பட்டனை அழுத்திக்கொண்டுதான் பேச வேண்டும், அது இங்கே உதவாது. கடையிலேயே பேசிப் பார்த்துவிடுங்கள். துடைக்கும்போது திரைமேல் நேராக எந்த ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். அணைத்துவிட்டு, ஆறவிட்டு, மென்மையான துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும்.