பேரும் துடுப்பும்

நடுவர் அவர்களே, அவையோர்க்கு வணக்கம். இதுக்கு மேல வணக்கம் சொன்னா நீங்க மணியில கை வெச்சிருவீங்க.

ஓடம் கரை சேரப் பெரிதும் காரணம் சுக்கான் பிடிப்பவரா, துடுப்பு போடுபவரா? நான் துடுப்புக் கட்சி. எதிரணித் தலைவர் அகநானூறு 255ஆம் பாட்டை எடுத்து, மாடத்து விளக்கைப் பாத்து ராத்திரியில கப்பலைச் செலுத்துற நீகானைக் காட்டினார். அருமை. அதோட விட்டாரா? போற போக்குல ஒரு குத்து குத்தினார். "சுக்கான் பிடிக்கிறவனுக்கு நீகான், மீகாமன், மாலுமி, சுக்கானின்னு வரிசையா பேர் இருக்கு. துடுப்பு போடுறவனுக்கு என்னய்யா பேர்? பேரே இல்லாதவனுக்குப் பெருமை ஒரு கேடா?" நீங்களும் கை தட்டினீங்க. யார் யார்னு பாத்து வெச்சிருக்கேன்.

பேர் எப்படி வருதுன்னு நான் சொல்றேன். எங்க மாமனார் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். குடும்பத்தோட ஒகேனக்கல் போனோம். மீன் வறுவல் சாப்பிட்டு, பரிசல்ல ஏறினோம். ஏறினதும் மனுஷன் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதுல முன்பக்கம் எது?" பரிசல்காரர் சிரிக்காம சொன்னார், "பெரியவரே, நீங்க எந்தப் பக்கம் பாத்து உக்காருறீங்களோ அதான் முன்பக்கம்."

பரிசல் பாத்திருப்பீங்க. மூங்கில் பின்னி, அடியில பிளாஸ்டிக் ஷீட் போட்டு, தார் பூசின வட்டம். அதுக்கு முன்னயும் கிடையாது, பின்னயும் கிடையாது. எதிரணித் தலைவரே, சுக்கானும் கிடையாது! பரிசல்காரர் விளிம்போரமா குந்தி, ஒத்தத் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டுத் தன் பக்கமா இழுக்கிறார். போறதும் அதுலதான், திரும்புறதும் அதுலதான்.

மாமனாருக்குப் பொறுக்குமா? டிரைவர் உடம்பு. "லெஃப்ட்ல ஒடி தம்பி!"ங்கறார். சொல்லி முடிக்கிறதுக்குள்ள பரிசல் சுத்திருச்சு. இவரோட லெஃப்ட் இப்ப ரைட்ல இருக்கு. "ரைட்ல ஒடி!"ங்கறார். மறுபடியும் சுத்துது. கடைசியில எந்திரிச்சு நின்னு "ஹோல்டான்!"னு கத்தினார். எங்க மாமியார் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, "வீட்டுலயும் இப்படித்தாம்மா"ன்னாங்க.

கரைக்கு வந்து கூலி கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மாமனார் சொல்றார், "நல்ல வேளை, நான் வழி சொன்னேன்." கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல அதே கதை. இப்ப நடுவுல ஒரு சுழல் வந்திருச்சு! பரிசல்காரர் மிரண்டுட்டாராம், இவர் ஒரு குரல் கொடுத்தாராம். போன தீபாவளிக்குச் சொன்னப்ப பரிசல்காரரே கதையில இல்ல. மாமனாரும் காவிரியும்தான்! இன்னிக்கு எங்க தெருவுல அவருக்கு என்ன பேர் தெரியுமா? கேப்டன்!

பேர் இப்படித்தான் ஐயா வருது. உங்க மீகாமனுக்கு எப்படி வந்துச்சோ, யார் கண்டா?

ஒலிம்பிக் படகுப் போட்டியில எட்டுப் பேர் மூச்சைப் பிடிச்சு வலிப்பாங்க. சுக்கானைப் பாத்துக்க காக்ஸுன்னு ஒருத்தர் உக்காந்திருப்பார். ஜெயிச்சதும் அந்த எட்டுப் பேரும் அவரைத் தூக்கித் தண்ணியில போடுறது வழக்கம். ஏன் போடுறாங்கன்னு எதிரணித் தலைவரைப் பாத்தா எனக்குப் புரியுது.

இலக்கியம் கேட்டீங்களே, இந்தாங்க. திருக்கொள்ளம்பூதூர்ல ஆத்துல வெள்ளம். ஓடக்காரங்க ஓடத்தைக் கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. சம்பந்தர் கட்டை அவிழ்க்க வெச்சு, அடியாரை ஏத்தி, "கொட்டமே கமழும்"னு பாடினார், ஓடம் போச்சு. பெரியபுராணத்துல சேக்கிழார் எப்படிச் சொல்றார்? "நாவலமே கோலாக." அதாவது, சம்பந்தரோட நாவன்மையே ஓடம் தள்ளுற கோலா இருந்துச்சாம். சுக்கானாகன்னு சொன்னாரா? ஆண்டவனே ஓடம் விட்டாலும் கோல் வேணும் ஐயா!

மணி அடிக்காதீங்க, ஒரே ஒரு விஷயம்.

2015 டிசம்பர். அடையாறு கரை மீறினப்ப எங்க அம்மா முடிச்சூர்ல மாடியில தனியா மாட்டிக்கிட்டாங்க. கரண்ட் இல்ல, போன் இல்ல. விடிஞ்சு பாத்தா தெருவுக்குள்ள மீன்பிடிப் படகு வருது. கடல்ல ஓடுற ஃபைபர் படகை லாரியில ஏத்திக் கொண்டாந்திருக்காங்க. தண்ணிக்கடியில காரும் காம்பவுண்டுச் சுவருமா கிடக்கு, இன்ஜின் போட வழியில்ல. ரெண்டு பேர் மூங்கிலை ஊன்றித் தள்ளிக்கிட்டு வந்தாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, படி இறங்க முடியாது. அதுல ஒருத்தர் தூக்கிக்கிட்டு வந்து படகுல உக்கார வெச்சார். அவர் உள்ளங்கை காய்ச்சுப் போய் மரப்பட்டை மாதிரி இருந்துச்சாம். அம்மா பணத்தை நீட்டினாங்க. "வெச்சுக்கங்கம்மா, அடுத்த தெருவுல குழந்தைங்க இருக்கு"ன்னு அவங்களைக் கரையில விட்டுட்டுத் திரும்பிட்டார்.

பேர் கேக்க நேரமில்ல. இன்னிக்கும் எங்க அம்மா விளக்கேத்தினா முதல்ல, "அந்தப் படகுக்காரத் தம்பி நல்லாருக்கணும்." அப்புறம்தான் நான். பெத்த பிள்ளை ரெண்டாவது.

நடுவர் ஐயா, சுக்கானுக்குத்தான் தீர்ப்புன்னா தாராளமா சொல்லுங்க. அம்மா முன்வரிசையிலதான் உக்காந்திருக்காங்க. மேடையை விட்டு இறங்கும்போது அவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க. வணக்கம்.