சிமி: கடற்பஞ்சு கட்டிய ஊர்

நண்பர்களே, கிரேக்கத் தீவு என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது சாண்டோரினியின் வெள்ளைச் சுவர்களும் நீலக் குவிமாடங்களும்தான். நான் பேச வந்திருப்பது சிமியைப் பற்றி. ரோட்ஸ் தீவுக்கு வடக்கே, துருக்கிக் கரைக்கு மிக அருகில் இருக்கும் சின்னஞ்சிறு தீவு. விமான நிலையம் கிடையாது. கப்பலில்தான் போக வேண்டும், பெரும்பாலும் ரோட்ஸிலிருந்து.

கப்பல் யாலோஸ் துறைக்குள் திரும்பும்போது மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் காவியும் நீலமுமாக வீடுகள். உச்சியில் முக்கோண முகப்பு வைத்துக் கட்டிய பணக்கார வீடுகள். தண்ணீருக்கே தவித்த இந்தப் பாறைத் தீவுக்கு அவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்ளாமல் சிமியிலிருந்து திரும்பக் கூடாது என்பது என் கட்சி.

கப்பல் கட்டும் தொழில் ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் கடற்பஞ்சு, அதாவது குளிக்கவும் துடைக்கவும் பயன்படும் ஸ்பாஞ்ச். சிமி ஆண்கள் ஒரு தட்டைக் கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கி, கடலடிக்குப் போய்ப் பஞ்சு அறுத்தார்கள். 1860களில் செம்புத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் கொண்ட உடை வந்தது. அப்புறம் இன்னும் ஆழத்தில், இன்னும் நேரம் இருக்க முடிந்தது. ஆனால் வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. எத்தனையோ இளைஞர்கள் செத்தார்கள், கால் விளங்காமல் போனார்கள். அந்த வீடுகளின் அழகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது மனதை அறுக்கிறது.

1900இல் ஆன்டிகித்தெரா தீவருகே மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பலைக் கண்டுபிடித்தவர்களும் சிமியின் இந்தப் பஞ்சு முக்குளிப்பவர்கள்தான். அங்கிருந்த சிலைகளை வெளியே எடுக்கும் வேலையில் ஒருவர் இறந்தார், இருவர் முடங்கிப்போனார்கள். கோள்களின் போக்கைக் கணக்கிட்ட, ஆன்டிகித்தெரா கருவி என்று புகழ்பெற்ற பல்சக்கரக் கருவி அந்தக் கப்பலிலிருந்து உலகத்துக்குக் கிடைத்தது அப்படித்தான்.

சரி, கடற்கரைகளுக்கு வருவோம். நீண்ட மணற்பரப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெரும்பாலும் கூழாங்கல்தான், காலுக்கு ரப்பர் செருப்பு வேண்டும். அதனால்தானோ என்னவோ, தண்ணீர் அடிவரை தெரிகிறது. துறையிலிருந்து நடந்தே போகக்கூடியது நோஸ். மரதுண்டாவில் ஆடுகள் கரைவரை வந்து நிற்கும். அயியோஸ் யோர்யோஸ் விரிகுடாவுக்குப் படகில் மட்டுமே போக முடியும். தலைக்கு மேலே செங்குத்தாக எழும் பாறைச்சுவர், கீழே பச்சை நீர். ஒரே ஒரு கரைக்குத்தான் நேரம் உண்டு என்றால் அங்கே போங்கள்.

காலையில் ரோட்ஸிலிருந்து வந்து மாலையில் திரும்பும் கூட்டத்தோடு போகாதீர்கள், தயவுசெய்து. அவர்கள் பார்ப்பது கடைத்தெருவை மட்டும். ஓர் இரவாவது தங்குங்கள். வெயில் தாழ்ந்ததும் காலி ஸ்ட்ராட்டா என்ற நீண்ட படிக்கட்டில் ஏறி மேலூரான ஹோரியோவுக்குப் போங்கள். கூரை விழுந்த வீடுகளும் வழியில் இருக்கும். பஞ்சுத் தொழில் சரிந்தபோது ஊரைவிட்டுப் போனவர்களின் வீடுகள் அவை. இரவுச் சாப்பாட்டுக்குச் சிமி இறால் கேளுங்கள். பொடி இறால், ஓட்டோடு பொரித்துத் தருவார்கள், அப்படியே மெல்லலாம்.

திரும்பும் வழியில் ஏதென்ஸில் அரைநாள் கிடைத்தால் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அந்தக் கருவியும் அங்கேதான் இருக்கிறது, சிமிக்காரர்கள் கடலிலிருந்து தூக்கி வந்த வெண்கல இளைஞன் சிலையும் அங்கேதான் நிற்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.