நிக்கோ இல்லாத மெய்டனை ஒரு வழியா பாத்துட்டேன்

ஹாய் மக்களே வணக்கம். கேமரா இன்னிக்கு வழக்கத்த விட கீழ இருக்கு, ஏன்னா கால் தெரியணும், பெடல் தெரியணும், எதுக்குன்னு வர்றேன். முதல்ல விஷயம். நேத்து நைட்டு பாத்துட்டேன். எதன்னு நம்ம சேனல் ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம். அயர்ன் மெய்டன், அந்த இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட், புது டிரம்மரோட, புடாபெஸ்ட்ல 2025 மே 27ஆம் தேதி நடந்த முதல் ஷோ, கூட்டத்துல இருந்து யாரோ எடுத்த வீடியோ. "இன்னுமா நீ பாக்கல", "எப்ப பாப்ப"ன்னு ஒவ்வொரு வீடியோவுக்கு கீழயும் கேட்டுட்டே இருந்தீங்க, நானும் பாக்க மாட்டேன் பாக்க மாட்டேன்னுட்டே இருந்தேன். சின்னச் சின்ன க்ளிப் ஃபீட்ல வந்தா கூட டக்குனு தள்ளி விட்டுருவேன்.

புதுசா வந்தவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன், தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க. நிக்கோ மெக்பிரெய்ன், மெய்டனோட பழைய டிரம்மர். 1982 கடைசில மெய்டனுக்கு வந்தாரு, 2024 டிசம்பர் 7, சாவோ பாலோ ஷோவோட டூரிங் போதும்னு நிறுத்திட்டாரு. அப்ப வயசு 72. நடுவுல ஒரு நாள் கூட இந்த பேண்ட விட்டு போனதில்ல. பாடகர் புரூஸ் போனாரு வந்தாரு, கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் போனாரு வந்தாரு, 1999ல ரெண்டு பேரும் திரும்பி வந்தப்ப பின்னாடி அதே ஆளு உக்காந்திருந்தாரு. 17 ஆல்பத்துல 14 ஆல்பம் அவரு கை.

இதுல எனக்கு உண்மையிலயே கடுப்பு என்னன்னா, அவரு போனப்ப நிறைய பேரு எனக்கு சொன்னது, "அட, உயிரோட தானப்பா இருக்காரு, எதுக்கு இப்படி ஃபீல் பண்ற". உயிரோட இருக்காரு, நல்லா இருக்கணும், மெய்டன் குடும்பத்துல ஒருத்தராவே இருப்பாருன்னு பேண்டே சொல்லிருக்கு, சந்தோஷம். ஆனா நான் எத்தனையோ வருஷமா காலைல எழுந்து கேக்கற சத்தம் இனி புதுசா வராதுல்ல? வருத்தப்படறதுக்கு ஒருத்தர் செத்துத்தான் ஆகணுமா? ஒரு பாடகர் போனா உலகமே உக்காந்து அழுது, டிரம்மர் போனா "ஓ, யாரப்பா வர்றாங்க"ன்னு அடுத்த கேள்வி. அது எனக்கு தாங்கல. இப்பவும் தாங்கல.

சரி, பெடலுக்கு வர்றேன்.

நிக்கோவ பத்தி நான் எப்பவும் கத்தற விஷயம் தான், சிங்கிள் பெடல். ஒரே கிக் டிரம், அதாவது கால்ல மிதிச்சு அடிக்கற பெரிய டிரம், ஒரே பெடல், ஒரே வலது கால். மெட்டல்ல பாதி பேரு டபுள் பெடல் போட்டு ரெண்டு காலாலயும் அடிக்கறத இந்த மனுஷன் ஒத்தக் கால்லயே அடிச்சிட்டு போனாரு. டபுள் பெடல் போட்டது ஒரே ஒரு பாட்டுக்கு, 2003ல வந்த டான்ஸ் ஆஃப் டெத் ஆல்பத்துல ஃபேஸ் இன் தி சாண்ட். அவ்வளவு தான். 1983ல பீஸ் ஆஃப் மைண்ட் ஆல்பம், முதல் பாட்டு வேர் ஈகிள்ஸ் டேர், அது எப்படி ஆரம்பிக்குது? கிட்டார் இல்ல, குரல் இல்ல, நிக்கோ. மெய்டன்ல அவரோட முதல் ஆல்பம், முதல் பாட்டு, முதல் செகண்ட், அவரு டாம்ஸ்ல, அதான் சுத்தி அடுக்கி வெச்சிருக்கற டிரம்ஸ்ல, உருட்டிட்டு வர்ற சத்தம். பேண்ட் அவர அறிமுகப்படுத்தின விதம் அது. அப்புறம் அந்த கிக் டிரிப்ளெட்ஸ், மூணு மூணா வேகமா விழற அடி, ஓட ஆரம்பிக்கும் பாருங்க, ஒத்தக் கால்ல, இப்ப கேட்டாலும் எனக்கு முதுகெல்லாம் சிலிர்க்குது.

அந்த டிரிப்ளெட்ஸ தான் நான் ரொம்ப நாளா போட்டுட்டு இருக்கேன், பாத்துட்டு தான் இருக்கீங்க. நேத்து வந்துருச்சு மக்களே! ஒரு வெர்ஸ் முழுக்க விடாம நின்னுச்சு! ஒரிஜினல் வேகத்துல இல்ல, மெட்ரோனோம கொஞ்சம் குறைச்சு வெச்சுத்தான், ஆனா சமமா வந்துச்சு, மூணாவது அடி அமுங்காம. முன்னாடி எல்லாம் அந்த மூணாவது அடி தான் செத்துப் போகும், முதல் ரெண்டு நல்லா விழும், மூணாவது சும்மா தொட்டுட்டு வரும். என்ன மாத்தினேன்னா, குதிகால தரையில இருந்து லேசா தூக்கி வெச்சு, தொடையில இருந்து மிதிக்காம கணுக்கால்ல இருந்து மிதிச்சேன். அப்புறம் ஸ்பிரிங். பெடல் ஸ்பிரிங்க ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து, தளர்த்தினேன். இறுக்கமா இருந்தா பீட்டர், டிரம்ல போய் அடிக்கற அந்த சுத்தியல், சீக்கிரம் திரும்பி வரும்னு தான் இவ்வளவு நாள் எல்லாரும் சொன்ன மாதிரி வெச்சிருந்தேன், ஆனா என் காலுக்கு அது எதுத்துட்டு நிக்குது. தளர்த்தினதும் பீட்டர் காலோடயே வருது. ஆ, சொல்ல மறந்துட்டேன், போன வீடியோல ஒரு கீச் கீச் சத்தம் வருது வருதுன்னு சொன்னீங்கல்ல, அது ஸ்னேர் டிரம் இல்ல, நாற்காலி இல்ல, பெடலோட கீல் பக்கம். துடைச்சு எண்ணெய் விட்டேன், போயே போச்சு. கேளுங்க... கேக்குதா? ஒண்ணுமே இல்ல. இந்த கீச்சால நான் பட்ட பாடு.

சரி, எதுக்கு இத இவ்வளவு சொல்றேன்னா, இத கால்ல போட்டுப் பாத்தா தான் அந்த ஆளு என்ன பண்ணிருக்காருன்னு உடம்புக்குத் தெரியும். இப்ப அடுத்தத கேளுங்க. 2023 ஜனவரில அவருக்கு ஸ்ட்ரோக். வலது பக்கம், தோள்ல இருந்து கீழ, வேலை செய்யல. வலது பக்கம் மக்களே. ரைடு சிம்பல் அடிக்கற கை. ஒரு டிரம்மருக்கு அது எல்லாமே. அதே வருஷம் மே 28, லுப்லியானால டூர் ஆரம்பம், அங்க போய் உக்காந்து முழு ஷோவும் வாசிச்சாரு. நடுவுல இருந்தது சில மாசம் தான், அதுல பிசியோதெரபி, ரிஹர்சல் எல்லாம். வெளிய யாருக்கும் தெரியாது, ஆகஸ்ட்ல தான் அவரே சொன்னாரு. அது வரைக்கும் நெட்ல என்ன எழுதினாங்க? "டெம்போ ஸ்லோவா இருக்கு", "ஃபில்ஸ் எல்லாம் கட் பண்றாரு", "வயசாயிருச்சு". நான் அப்பவே சண்டை போட்டிருக்கேன். வேகமான ரோல்ஸ் முன்ன மாதிரி கைக்கு வரலன்னு தெரிஞ்சு, அவரே ஃபில்ஸ, பாட்டு வரிகளுக்கு நடுவுல வர்ற டிரம் உருட்டல்கள, மாத்தி, எளிமையாக்கி, பாட்டு விழாம பாத்துக்கிட்டாரு. அந்த டூர் ஷோ எதையாவது எடுத்து அவரு வலது கைய மட்டும் பாருங்க. முன்னாடி ஒரு ரோல்ல டாம்ஸ் மொத்தத்தையும் சுத்தி வர்ற எடத்துல, இப்ப மூணு நாலு கனமான அடி, அளந்து விழுது. எனக்கு அது குறையாவே தெரியல. நாற்பது வருஷம் ஓடின ஓட்டத்த விட அந்த மூணு அடிக்கு தான் எனக்கு மரியாதை ஜாஸ்தி.

ஆங், அந்த டாம்ஸ்! அவரு டிரம் கிட் அவ்வளவு உயரம், சுத்தி டாம்ஸ் அடுக்கி, பாதி நேரம் ஆளே தெரிய மாட்டாரு, குச்சி மட்டும் மேல வந்து போகும், நடுநடுவுல ஒரு மூக்கு, ஒரு சிரிப்பு. மேடைய பாத்து ஆளத் தேடறது எனக்கு ஒரு பழக்கமாவே ஆயிருச்சு. புடாபெஸ்ட் வீடியோல முதல்ல உறைச்சது அது தான். தேட வேண்டியதில்ல. ஆளு தெரியறாரு. அங்கயே பாஸ் பண்ணி, எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.

புது டிரம்மர் சைமன் டாசன். மெய்டன் பேஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸோட இன்னொரு பேண்டு பிரிட்டிஷ் லயன்ல வாசிக்கறவரு. ஸ்டீவ் பேஸோட பல வருஷம் பழகின கை, அதனால மெய்டனோட அந்த குதிரை ஓட்டத் தாளம் அவருக்கு புதுசில்ல. நல்லா வாசிக்கறாரா? நல்லா வாசிக்கறாரு. சுத்தமா, நேரா, ஸ்டீவ விட்டு இம்மி விலகாம. ஆனா நிக்கோ ஸ்னேர்ல ஒரு மயிரிழை பின்னாடி சாஞ்சு அடிப்பாரு, பாட்டு விழப் போற மாதிரி இருக்கும், விழாது. அது இல்ல. அத டாசன் காப்பி அடிக்கவும் இல்ல, அதுக்காகவே அவர எனக்குப் பிடிச்சிருச்சு. காப்பி அடிச்சிருந்தா நான் பாதியிலயே மூடியிருப்பேன்.

இன்னொண்ணு, இத யாருமே பேசல. புடாபெஸ்ட்ல ஆரம்பிச்ச அந்த டூர்ல மெய்டனோட முதல் ஒன்பது ஆல்பம் பாட்டு தான், 1980ல இருந்து 1992 வரைக்கும். ஷோவோட முதல் பாட்டே கில்லர்ஸ் ஆல்பத்துல இருந்து. அதுல வாசிச்சது நிக்கோ இல்ல, கிளைவ் பர்! புது ஆளு வந்து முதல்ல தொட்டது நிக்கோவுக்கும் முன்னாடி இருந்தவரோட பாட்டு. வேணும்னே பண்ணாங்களான்னு எனக்குத் தெரியாது, ஆனா அது நல்லா இருந்துச்சு எனக்கு. கிளைவ் பர் 1982ல போனப்ப அவர உயிரா நினைச்ச பசங்களும் இருந்திருப்பாங்கல்ல, நிக்கோவ முறைச்சுப் பாத்திருப்பாங்கல்ல? இதுல பாருங்க, நிக்கோ டிரஸ்ட்னு ஒரு ஃபிரெஞ்சு பேண்ட்ல இருந்து தான் மெய்டனுக்கு வந்தாரு, கிளைவ் இங்கிருந்து போய் அதே டிரஸ்ட்ல சேந்தாரு. சீட்டு மாத்திக்கிட்டாங்க! கிளைவுக்கு அப்புறம் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் வந்துருச்சு, 2002ல மெய்டன் பிரிக்ஸ்டன் அகாடமில அவருக்காக நிதி திரட்ட ஷோ பண்ணாங்க, 2013ல போயிட்டாரு. போன ஆளையும் விட்டுடாத பேண்ட் இது, அதனால தான் நானும் விடாம இருக்கேன்.

திரும்பப் பாப்பேனான்னா, பாப்பேன். முழுசா, பாஸ் பண்ணாம.

அடுத்த வீடியோல டிரிப்ளெட்ஸ் ஒரிஜினல் வேகத்துல, கேமரா இதே எடத்துல தான் இருக்கும். கமெண்ட்ல உங்களுக்குப் பிடிச்ச நிக்கோ ஃபில் எதுன்னு போடுங்க, பாட்டு பேரும் எந்த நிமிஷம்னும் சேத்து போடுங்க, ஒவ்வொண்ணா வாசிச்சுப் பாக்கறேன். டாசன திட்டி யாராவது போட்டா டெலிட் பண்ணிருவேன், நிக்கோவ கிழவன்னு போட்டா ப்ளாக். ஓகே, டாட்டா மக்களே.